ஸ்திரீபார்ட்

கம்போங் ராஜாவை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில் நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, திருவிழாவில் 'வள்ளி திருமணம்' போட்டால் வள்ளி வேஷம் ஓர் அண்ணனுக்குத்தான். குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் ஆலோலம் பாடிக்கொண்டு மேடைக்கு வந்ததும், கொழுந்து கிள்ளும் அம்மாக்கள் "எம்மாடி, என்ன லட்சணம்!" என்று கன்னத்தில் கைவைப்பார்கள். மறுநாள் மருந்து டின்னைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் நடந்தால், அதே லயத்திலிருந்து "பொண்டான்" என்று கேலிக் குரல் வரும். ஒரு திருவிழா முடிந்த வாரத்தில் தாப்பா பஸ் ஏறிப் போனவர் திரும்பவில்லை.

ஆண் சேலை கட்டி நடிப்பது நமக்குப் புதிதா? 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் படித்த ஆண்களே நாயகிகள். ரங்கவடிவேலுவின் பெண் வேஷத்துக்குத் தனிப் பெயர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தொடங்கிய பால சபையில் ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேஷமும் சிறுவர்களுக்கே. ஔவையாராக நடித்த டி.கே.சண்முகம் கடைசிவரை ஔவை சண்முகம்தான். மேடையில் இத்தனை கொண்டாடிய நாம், வேஷத்தைக் கலைக்க மனம் வராதவரை மட்டும் ஊரைவிட்டுத் துரத்தினோம்.

அதனால்தான் நாடக இயக்குநர் அ. மங்கை செய்த காரியம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். திருநங்கைகளே நடித்த கண்ணாடிக் கலைக்குழுவின் நாடகங்களுக்குத் துணைநின்றார். பிறகு நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த திருநங்கை ரேவதி, தன் வாழ்க்கையைச் சொல்லும் 'வெள்ளை மொழி'யை, மங்கையின் இயக்கத்தில், தனி ஆளாக நடித்தார். பெற்றவர்கள் அடித்தது, ஓடிப்போனது, திரும்பி வந்து வாசலில் நின்றது எல்லாம் பட்டவரின் வாயிலிருந்தே வருகிறது. அங்கே அவர் கட்டியிருப்பது அவருடைய சேலை. ஊர் கண்டு சிரிக்க ஒரு வேஷம் அங்கே இல்லை.

ஒருபால் உறவைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் விட்டுப்போன 377-ஆவது பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2018-ல் தளர்த்தியது. இங்கே மலேசியாவில் அதன் வழிவந்த 377ஏ இன்னும் இருக்கிறது. 20 ஆண்டுவரை சிறை, பிரம்படியும் உண்டு. இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கையை நாடகமாக எழுதும் பிள்ளைக்கு மண்டபம் கேட்கவே தைரியம் வேண்டும்.

ஈப்போவிலும் தஞ்சோங் மாலிமிலும் படிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் அப்படியொரு நாடகத்தோடு வந்து நின்றால், பெரியவர்களே, மண்டபச் சாவியைக் கொடுங்கள். அந்த அண்ணனுக்கு இப்போது அறுபது வயதிருக்கும். எங்கே இருந்தாலும் தேடிக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைப்போம்.