ஓடமில்லாத ஆறு

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என் மகள் தன் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து வத்தலக்குண்டுக்கு வந்திருந்தாள். குர்பானி இறைச்சியைப் பங்கிட்டு முடித்த மறுநாள் மஃரிபுக்குப் பின், பேரனும் பேத்தியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் கூடத்தில் பாய் விரித்து வட்டமாக அமர்ந்தனர். ஆளுக்கொரு தாளும் பென்சிலும் வைத்திருந்தார்கள். பேரன் ஒரு சிறு பையைக் கவிழ்த்தான். இருபது முகங்கள் கொண்ட நீலநிறப் பகடையொன்று உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பகடையாட்டத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருப்பதைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவன் நான்.

"இதில் காசும் இல்லை, பந்தயமும் இல்லை நன்னா" என்றான் பேரன்.

"காசில்லாவிட்டாலும் இந்த வீட்டில் பகடை உருளாது" என்றேன்.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. விளையாட்டை மட்டும் விளக்கினான். ஒருவர் நடுவராக இருந்து கதைக்களத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை விதிநூலும் பகடையும் கொண்டு நடுவர் தீர்ப்பார். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர்கள் 1974ஆம் ஆண்டில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் இவ்வகை ஆட்டத்தின் முதல் நூலை வெளியிட்டார்களாம். முதலில் அச்சிட்டது 1000 பிரதிகளே.

"பகடை இல்லையென்றால் எல்லாவற்றையும் நடுவரே தீர்மானிக்க வேண்டியதுதான். நீங்களே நடுவராக இருங்கள்" என்று அவன் எழுந்து இடம் கொடுத்தான். பேரன் எனக்கு மரியாதை செய்துவிட்டதாக மகிழ்ந்து உட்கார்ந்தேன்.

கதைக்குப் பஞ்சமில்லை. காயல் துறையில் இறங்கிய அரபுக் குதிரைகளைப் பாண்டியனின் மதுரைக்கு ஓட்டிச் செல்லும் வணிகர் கூட்டம் என்று தொடங்கினேன். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டனர். வைப்பாற்றங்கரையில் அந்தி சாய்ந்தது. ஆற்றில் வெள்ளம். இரவு அவர்கள் கரையிலே தங்கவேண்டும். நள்ளிரவில் கள்வர் வரவேண்டும். அந்தக் கள்வர் தலைவனை மனத்துக்குள் மீசையோடு செதுக்கி வைத்திருந்தேன்.

பேத்தி தங்க மறுத்தாள். "ஓடக்காரனைக் கூப்பிடுகிறேன்" என்றாள்.

"ஓடம் இல்லை."

"பனைமரங்களை வெட்டித் தெப்பம் கட்டுகிறோம்."

"பக்கத்தில் மரமே இல்லை."

"மூட்டை கட்டிய கயிற்றை அக்கரைக்கு இழுத்துக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம்."

"கயிறு இற்றுப்போயிற்று."

பதின்மூன்று வயதுப் பெண் பென்சிலைக் கீழே வைத்தாள். "நன்னா, இது முதலிலிருந்தே கதையில் இருந்ததா, நான் கேட்டபிறகு நீங்கள் சொல்வதா?"

நல்லவேளையாக இஷாவுக்கு பாங்கு ஒலித்தது.

எங்கள் ஊரில் பிறந்த ராஜம் ஐயர் 1893ஆம் ஆண்டில் 'கமலாம்பாள் சரித்திர'த்தை எழுதத் தொடங்கினாரே, அவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. நாவலாசிரியரின் எதிரே பாத்திரங்கள் பாய் விரித்து உட்கார்ந்து கேள்வி கேட்பதில்லை! இப்படியெல்லாம் எண்ணி மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டே பள்ளிவாசலுக்கு நடந்தேன். தொழுது திரும்புகையில் வேறொன்று நினைவுக்கு வந்தது. ஒப்பிடத் தகாத இடந்தான். நினைவு வந்ததைச் சொல்கிறேன். பத்ருக் களத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் பாளையம் இறங்கியபோது, ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) என்னும் தோழர் முன்வந்து, இவ்விடம் இறைக் கட்டளையால் அமைந்ததா, தங்களின் போர் யோசனையா என்று பணிவுடன் வினவினார் எனச் சீறா ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். யோசனையே என்றார்கள் பெருமானார். அப்படியானால் பகைவருக்கு அருகிலுள்ள கிணற்றுக்கு முன்னேறுவதே நலம் என்றார் தோழர். பாளையம் இடம் மாறியது. வஹீ இறங்கும் நாவினர் 'இது என் யோசனை' என்று சொன்ன இடத்தில், நானோ இல்லாத விதியை இருப்பதாகக் காட்டியிருக்கிறேன்.

வீடு திரும்பியதும், "நான் அப்போது சொன்னதுதானம்மா. கயிறு நன்றாகவே இருக்கிறது" என்றேன்.

பேரன் சிரித்தான். இந்த வழக்கு மிகப் பழையதாம். 1824இல் பிரஷ்யப் படைத்தலைவர்களின் பயிற்சிக்காக ரைஸ்விட்ஸ் என்பவர் செப்பனிட்ட போர் ஆட்டத்திலேயே நடுவரும் உண்டு, பகடையும் உண்டு. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி, பகடையும் அட்டவணையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். என் கட்சிக்காரர் ஒருவர் கிடைத்தாரே என்று பார்த்தேன். பேரன் விடவில்லை. 1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர், 'பிரௌன்ஸ்டைன்' என்ற கற்பனை ஊரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் அவ்வூரில் ஒரு வேடமும் நோக்கமும் கொடுத்திருந்தார். அவர்களோ அவர் வகுத்த ஒழுங்கில் நிற்காமல், ஆளுக்கொரு மூலையில் ரகசியம் பேசினார்கள். இருவர் தமக்குள் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையே தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் பாழாயிற்று என்று வெஸ்லி நொந்துபோனார். ஆடியவர்களோ இன்னொருமுறை நடத்தச் சொல்லி அவரை நச்சரித்தார்கள். அந்தக் குழப்பத்திலிருந்துதான் இன்றைய விளையாட்டே கிளைத்தது.

"பகடை எதற்கு என்றால், உங்கள் கை ஓங்காமலிருக்கவும் எங்கள் கை ஓங்காமலிருக்கவும்தான் நன்னா" என்றான். பகடையை விலக்கியதால் பாவத்திலிருந்து விலகினேன் என்று நான் எண்ணியிருக்க, அதன் அதிகாரம் முழுவதும் என் மடியில் வந்து விழுந்திருந்தது. பகடையை நான் அப்போதும் அனுமதிக்கவில்லை. ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். அதுவும் சரிதானா என்பதை ஆலிம்களுக்கு விட்டுவிடுகிறேன்.

பேத்தி எடுத்த சீட்டில் பதினேழு வந்தது. கயிறு தாங்கியது. ஒரு குதிரை மட்டும் வெள்ளத்தோடு போயிற்று. என் கள்வர் தலைவன் ஆளற்ற கரையில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான்.

தேநீர்க் குவளைகளுடன் வாசற்படியில் நின்று என் மகள் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். 1998இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, மதுரைக் கல்லூரியில் சேர வேண்டுமென்று அவள் கேட்டாள். நிலக்கோட்டை வழிப் பேருந்து நேரத்துக்கு வராது என்றேன். விடுதியில் தங்குகிறேன் என்றாள். விடுதிச் சாப்பாடு நமக்கு ஒத்துவராது என்றேன். உறவினர் வீட்டில் தங்குகிறேன் என்றாள். அவர்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன். அத்துடன் அவள் நிறுத்திக்கொண்டாள்.

குவளையை என் அருகில் வைத்துவிட்டு, "எனக்கு அன்றைக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் போயிற்றே அத்தா" என்று சொல்லி உள்ளே போனாள். குரலில் கோபம் இல்லை.

"நன்னா, அக்கரையில் என்ன தெரிகிறது?" என்று பேத்தி இரண்டாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.