இடைச் சுவர்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பங்குப்பணியாற்றும் நமக்குச் சென்ற திருவருகைக் காலத்தில் ஒரு சுவர் மறையுரை ஆற்றியது.

பங்கு இல்லத்திற்கும் கார் கொட்டகைக்கும் இடையிலுள்ள சுவர் அது. மரச்சட்டங்களின் இருபுறமும் ஜிப்சம் பலகை, நடுவே வெற்றிடம். வெளியே சுழியத்திற்குக் கீழே 20 பாகை. சுவரை ஒட்டிய அறையில் ஓய்வுபெற்ற முதிய குரு ஒருவர் தங்கியிருந்தார்.

சுவரினுள் கண்ணாடி இழைப் பஞ்சு அடைக்கலாமெனப் பங்குப் பேரவை பரிந்துரைத்தது. நாம் இசையவில்லை. வசதியிருந்தும் வெப்பமூட்டலைக் குறைத்துக் கனத்த உடை அணிவோரைத் திருத்தந்தை பிரான்சிஸ் தமது 2015ஆம் ஆண்டுத் திருமடலான 'இறைவா உமக்கே புகழ்' வழியாகப் பாராட்டியதை எடுத்துரைத்தோம். "இது நமது ஒறுத்தலாகட்டும்" என்றோம்.

கூட்டம் கலைந்தபின், யாழ்ப்பாணத்துத் தச்சர் ஒருவர் தயங்கி நின்றார். "சுவாமி, பெரிய சுவாமியைக் கேட்டனீங்களோ? குளிரை விடுங்கோ. விடியக் காரைச் சூடாக்க ஓட விடுறீங்கள். அந்தப் புகை சுவர் இடுக்குகளாலே உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை."

உடனே முதியவரிடம் சென்றோம். கம்பளித் தொப்பியுடன் திருப்புகழ்மாலை செபித்துக்கொண்டிருந்தார். "காலைதோறும் தலைவலி. முதுமைதானே என்றிருந்தேன். பங்கின் பணத்தைச் செலவழிக்கச் சொல்வானேன்?" என்றார்.

விருப்பமின்றி ஒறுத்தல் இல்லையெனக் குருமடத்தில் பயின்றிருந்தோம். ஆயினும் பிறரது துன்பத்தை நமது தவமாகக் கணக்கிட்டிருந்தோம்.

அன்றே அவரை மாடி அறைக்கு மாற்றி, மருத்துவரிடம் காட்டினோம். கொட்டகைக்குள் காரை ஓடவிடுவதை நிறுத்தினோம். நச்சுவாயுவை உணர்த்தும் கருவியைப் பொருத்தினோம். பஞ்சு வெப்பத்தைக் காக்குமேயன்றிக் காற்றைத் தடுக்காது என்றார் தச்சர். ஆகவே கம்பியும் குழாயும் செல்லும் இடுக்குகளை முதலில் அடைத்தார். பின்னர் பஞ்சு வைத்து, ஈரம் புகாதபடி அறைப்பக்கம் பாலித்தீன் தாள் விரித்தார். முதியவரின் தலைவலி நின்றது.

பிரிக்கும் சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என எபேசியருக்கு எழுதுகிறார் பவுலடியார். காக்கும் சுவரை நாம் வலுப்படுத்தினோம். தகர்க்க வேண்டிய சுவர் வேறிடத்தில் இருந்தது: ஒரே மேசையில் உண்டும், அவரை ஒரு வார்த்தை கேளாதிருந்தோமே, அது.

அன்பர்களே, உங்கள் இல்லத்துச் சிக்கனத்தின் குளிரைத் தாங்குபவர் யார்? இன்றிரவு அவரிடமே கேட்டுப் பாருங்கள்.