விருத்தாசலம் போறீங்களா? வாடகை காருக்கும் ‘மச்சம்’ எடுத்து வைங்க!

சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாக விருத்தாசலம் வருபவர்கள் தவறாமல் வாங்குவது பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும். விரிசல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்துத்தான் காசு கொடுப்பார்கள். ஆனால், அவர்களே ஓட்டி வந்த வாடகை காரை அப்படிப் பார்த்து வாங்கினார்களா?

இந்த ஊர்க் கதையிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது. பழமலைநாதர், சுந்தரருக்கு 12,000 பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சுந்தரரோ ஆற்றில் போடும் முன்பே கொஞ்சம் பொன்னை ‘மச்சம்’ என்று வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன் மாற்றுக் குறைந்திருப்பது, அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

செல்போன்தான் மச்சம்

செல்ஃப் டிரைவ் கார் எடுப்பவருக்கு வீடியோதான் மச்சம். சாவி வாங்கியதும் நான்கு பக்கமும், பம்பர், கண்ணாடி, டயர், இருக்கை, கிலோமீட்டர் மீட்டர் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். பழைய கீறல்களை நிறுவனத்தின் ஆப்பிலோ படிவத்திலோ பதியுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் இதையே செய்யுங்கள். இல்லையென்றால், யாரோ போட்ட கீறலுக்கு உங்கள் முன்பணம் போகும்.

கூடுதல் பணம் கட்டலாமா?

புக்கிங்கின்போது ‘டேமேஜ் புரொடெக்‌ஷன்’ என்று கூடுதல் கட்டணம் கேட்பார்கள். பெரும்பாலும் இது தனி இன்ஷூரன்ஸ் அல்ல. சேதமானால் உங்களிடம் இவ்வளவுக்கு மேல் வாங்க மாட்டோம் என்ற நிறுவனத்தின் உறுதிமொழி. பல திட்டங்களில் டயர், காரின் அடிப்பாகம், தொலைந்த சாவி சேராது. குடித்துவிட்டு ஓட்டினாலோ, புக்கிங்கில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலோ செல்லாது. எது சேராது என்ற பட்டியலைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

நம்பர் பிளேட்டையும் பாருங்கள். செல்ஃப் டிரைவ் வாடகை காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கலாம்.

இடித்துவிட்டால்?

யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108. பிறகு இடத்தைப் படமெடுத்து, நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்கள். அவர்களைக் கேட்காமல் ஒர்க்‌ஷாப்பில் விடாதீர்கள். இன்ஷூரன்ஸ் கோருவது சிக்கலாகும். பணம் பிடித்தால் ரிப்பேர் எஸ்டிமேட், பில் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சுந்தரருக்குக் கடைசியில் முழு மாற்றுப் பொன் கிடைத்தது. மச்சம் இல்லாமல் முன்பணத்தைக் கேட்டுப் போனால் நமக்கு மிஞ்சுவது, ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடிய கதைதான்!