கோடு போட்ட கார்டும் ரிச்சி தெருவும்

கிராபிக்ஸ் கார்டு என்றாலே, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு "சுடுடா, சுடுடா" என்று கத்துகிற பையன்களின் சமாச்சாரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் அடுப்பு. அது எரியவில்லை என்றால் அன்றைக்குச் சமையல் இல்லை.

2024 தை மாதம். முகூர்த்தம் மேல் முகூர்த்தம். மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடி அறையில் மூன்று கல்யாணங்கள் வரிசையில் நிற்கின்றன. அந்த நேரம் பார்த்துத் திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். மணமகள் முகத்தில் குறுக்கே கோடுகள். கொஞ்ச நேரத்தில் திரையே கறுப்பு.

மறுநாள் காலை போன். தி.நகர் மண்டபத்தில் மூன்று வாரம் முன்பு நான் படம் பிடித்த கல்யாணத்தின் மணப்பெண். "அக்கா, பாட்டி நேத்து தவறிட்டாங்க. பாட்டி எங்களை ஆசீர்வாதம் பண்ற பகுதி மட்டும் பதிமூணாம் நாளுக்குள்ள கிடைக்குமா?" கம்ப்யூட்டர் கோளாறு என்று சொன்னதும் அந்தப் பெண்ணுக்குக் குரல் உடைந்துவிட்டது. "அப்போ எல்லாம் போயிடுச்சா?"

போகவில்லை. கிராபிக்ஸ் கார்டு போனால் படம் போகாது. படமெல்லாம் ஹார்டு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். அதைத் திரையில் வரைந்து காட்டுகிற ஆள்தான் படுத்துவிட்டார். குடும்பப் புகைப்படங்களை வைத்திருக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. திரை இருண்டதும் பதறிப்போய், கடைக்காரர் சொன்னபடி எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, கோளாறு எங்கே? அடையாறில் இருக்கிற என் அக்கா மகன் போனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"சித்தி, முதல்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க போனுக்கு அனுப்பிப் பாருங்க." எளிய சோதனை, ஆனால் நிறைய சொல்லும். போனில் பார்க்கும்போது படம் சுத்தமாக இருந்தால் மானிட்டரையோ கேபிளையோ சந்தேகப்படலாம். என் போனிலும் அதே கட்டங்கள். மானிட்டர் தப்பித்தது.

அடுத்து, கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டு, முதலில் வருகிற கம்பெனி லோகோவைக் கவனிக்கச் சொன்னான். அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்காது. டிரைவர் என்கிற மென்பொருளும் வந்திருக்காது. அந்த லோகோவிலேயே கோடு விழுந்தால் மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. விழுந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பிலுள்ள மின்னை இறக்கிக்கொண்டு, ஸ்லாட்டின் ஓரத்திலுள்ள சின்னக் கொக்கியை அழுத்திக் கார்டை வெளியே எடுத்தேன். அடியில் வரிசையாக இருக்கும் தங்க முலாம் பூசிய பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். விசிறியில் மூன்று வருஷத் தூசி. எல்லாம் துடைத்துத் திரும்பப் பொருத்தியும் கோடுகள் போகவில்லை. பல கார்டுகள் இந்த ரப்பரிலேயே பிழைத்துவிடுவதும் உண்டு. காசு செலவில்லாத வைத்தியம், முதலில் செய்துவிடுவது நல்லது.

அன்று மாலை கார்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அடையாறு போனேன். அவனுடைய கம்ப்யூட்டரில் மாட்டியபோது அங்கேயும் அதே கோடுகள். என் மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். இரண்டும் குற்றமற்றவை என்று தீர்ப்பாயிற்று. இந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். பெரிய கார்டுகளுக்குத் தனியாக ஒயர் போகும். ஆறு முனை பிளக் என்றால் இன்னொரு 75, எட்டு முனை என்றால் 150. பழைய எஸ்.எம்.பி.எஸ். அதைக் கொடுக்க முடியாமல் திணறினால், பழி கார்டு மேல் விழும்.

கார்டு இல்லாமலே ஒரு வழி இருந்தது. என் பிராசஸருக்குள்ளேயே சிறியதாக ஒரு கிராபிக்ஸ் பகுதி உண்டு. (இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அது இருக்காது. வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.) மானிட்டர் கேபிளை மதர்போர்டிலுள்ள எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினேன். திரை பளிச்சென்று வந்தது. வேகம் மட்டும் மாட்டுவண்டி. பாட்டி வருகிற பதினோரு நிமிடத்தை வெட்டி, சத்தத்தைச் சரிசெய்து வெளியே எடுக்க ராத்திரி முழுக்க ஆனது. மணமக்கள் தலையில் அட்சதை போட்டுவிட்டு, பாட்டி கேமராவைப் பார்த்து, "என்னை எதுக்குடி எடுக்கறே, அவாளை எடு" என்கிறார். சாதாரணமாக நான் வெட்டிவிடுகிற இடம் அது. அப்படியே விட்டேன். பதிமூன்றாம் நாளுக்கு நான்கு நாள் முன்பே பென் டிரைவ் போய்ச் சேர்ந்தது.

இனி கார்டு. வாரண்டி மூன்று வருஷம், முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தி.நகரில் ஒரு சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். பெட்டியைத் திறக்காமலே பதில் வந்தது: "ரிப்பேர் கிடையாது மேடம், புதுசுதான் வாங்கணும்." புதியது 38,000 ரூபாய். இரண்டு கல்யாணத்து எடிட்டிங் கூலி. பொருளைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்காக மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று ஒரு இணையதளமே தொடங்கியிருக்கிறது. கவுன்ட்டரில் அதைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார்கள்.

அக்கா மகன் வேறொரு யோசனை வைத்திருந்தான். "கேக் அவன்ல பத்து நிமிஷம் வெச்சு எடுங்க சித்தி, யூடியூப்ல எல்லாரும் பண்றாங்க!"

விளையாட்டாகச் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கிராபிக்ஸ் சிப்புக்கு அடியில் நூற்றுக்கணக்கில் கடுகு போன்ற ஈய உருண்டைகள் உண்டு. சிப்பைப் போர்டோடு பிடித்துவைப்பவை அவைதான். ஈயம் என்பது பழக்கத்தில் சொல்வது. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதிலிருந்து பெரும்பாலும் வெள்ளீயக் கலவைதான். பழைய கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகியது, புதியது சுமார் 217-இல். வேலை செய்யும்போது சூடாகி விரிந்து, அணைத்ததும் சுருங்கி, ஆயிரம் முறை இப்படி ஆடினால் இணைப்புகளில் நுண்ணிய விரிசல் விழும். பெரிய கம்பெனிகளும் இதில் சிக்கியிருக்கின்றன. 2007-இல் எக்ஸ்பாக்ஸ் 360 பழுதுகளுக்காக மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. 2008 ஜூலையில், லேப்டாப்களில் போன சில சிப்களுக்காக என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவாகும் என்று அறிவித்தது. அந்தக் காலத்தில்தான் கார்டை அவனில் சுடுகிற வழக்கமும் பரவியது.

சுட்டால் சில கார்டுகள் எழுந்து உட்காரும், உண்மைதான். சில நாள், சில வாரம். பிறகு பழையபடி படுத்துவிடும். அந்தப் பிளாஸ்டிக்கும் ரசாயனமும் புகைந்த அவனில் குழந்தைகளுக்குக் கேக் செய்வதை நினைத்தாலே எனக்குக் குமட்டியது. வேண்டாம் என்றேன்.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால், ரிச்சி தெரு நடக்கிற தூரம். அண்ணா சாலைக்குப் பக்கத்தில், ரேடியோ காலத்திலிருந்தே உதிரிபாகத்துக்குப் பேர்போன இடம். முன்னால் பளபளக்கிற கடைகளை விட்டுவிட்டு மாடிப்படிகளில் ஏற வேண்டும். ஓர் ஆள் நுழைகிற அறையில், மைக்ரோஸ்கோப்பும் சூடான காற்று ஊதுகிற மெஷினுமாக ஒரு தம்பி. கார்டைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவன்ல வெச்சீங்களாக்கா?"

இல்லை என்றதும் முகம் மலர்ந்தது.

மல்டிமீட்டரை வைத்து நாலு இடம் தொட்டுப் பார்த்தார். பிறகு, எந்த மெமரி சிப்பில் பிழை என்று காட்டும் ஒரு மென்பொருளை ஓடவிட்டார். எட்டில் ஒன்று. "மெயின் சிப் போயிருந்தா நான் தொடவே மாட்டேங்கா. சூடு காட்டி ஓட வெச்சுக் குடுக்கலாம், காசும் வாங்கலாம். பத்து நாள்ல நீங்க திரும்ப வந்து நிப்பீங்க." மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே செத்த கார்டுகள் அடுக்கடுக்காக. நிறைய மைனிங்கில் ஓடி ஓய்ந்தவையாம். 2022 செப்டம்பரில் எத்திரியம் அந்த முறையைக் கைவிட்டதும் உலகமெங்கும் அப்படிப்பட்ட கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. பழைய கார்டு வாங்குகிறவர்கள் கடையிலேயே அரைமணி நேரம் கனமான வேலை கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்று அவரே சொன்னார்.

டிராயரிலிருந்து ஒரு கார்டை எடுத்து, அதிலிருந்து ஒரு மெமரி சிப்பைக் கழற்றி, புது உருண்டைகள் வைத்து, என் கார்டில் உட்காரவைத்தார். கை நடுங்கவே இல்லை. விசிறிக்கு அடியில் காய்ந்துபோயிருந்த தெர்மல் பேஸ்ட்டையும் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினார். மொத்தம் 3,800 ரூபாய். பில் கிடையாது, ஒரு மாதம் சொல்வாக்கு.

கார்டு இன்னும் ஓடுகிறது. அந்தக் கல்யாணத்தின் முழு வீடியோவையும் பங்குனியில் முடித்துக் கொடுத்தேன். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெண் ஒன்றுதான் கேட்டாள்: "பாட்டி பேசறதை இதுலயும் வெட்டலை இல்லக்கா?"