கந்தர்வர்களின் சாரங்கி

நேபாள மலைக்கிராமங்களில் சாரங்கி வாசித்தபடி வீடு வீடாகப் பாடிச் சென்றவர்கள் கந்தர்வர்கள். ‘காய்னே’ என்பது பழைய பெயர். செய்தித்தாள் எட்டாத ஊர்களுக்குப் போரையும் பேரிடரையும் பாட்டாகக் கொண்டுசேர்த்தவர்கள் இவர்களே. வீரர் கதை சொல்லும் நெடும்பாடலுக்குக் ‘கர்க்கா’ என்று பெயர். கூலி பெரும்பாலும் தானியம். பாட்டை விரும்பிக் கேட்ட ஊரே பாடியவரைத் தீண்டத்தகாதவர் என்று வாசலிலேயே நிறுத்தியது. இந்த அநீதியை விட்டுவிட்டு இம்மரபைப் பேச முடியாது.

சாரங்கி ஒரே மரத்துண்டில் குடையப்படுவது. அடிப்பகுதியில் தோல் போர்த்தி, நான்கு தந்திகளை வில்லால் இழைப்பார்கள். இதைவிடப் பழைய, மீட்டி வாசிக்கும் ‘ஆர்பாஜோ’ இன்று அரிதாகிவிட்டது.

1951இல் ரேடியோ நேபாள் வந்தபின் செய்தி சொல்லும் வேலை மெல்லக் கைநழுவியது. அதே வானொலிதான் பொக்ரா பகுதியைச் சேர்ந்த ஜலக்மான் கந்தர்வரை நாடறியச் செய்தது. போர்க்களத்தில் மடியும் படைவீரன் வீட்டாருக்குச் சொல்லியனுப்பும் அவரது பாட்டு நேபாளிகளைக் கலங்க வைத்தது. 2003இல் அவர் மறைந்தார்.

இப்போது ‘குடும்பா’ போன்ற இசைக்குழுக்கள் சாரங்கியை மேடையேற்றுகின்றன. பிற சாதி இளைஞர்களும் கற்கிறார்கள். கருவிக்குக் கிடைத்த இந்த மதிப்பு கர்க்காவுக்கும் அதைப் பாடும் முதியவர்களுக்கும் இன்னும் கிடைக்கவில்லை.