மாடு யாருடையது?

என்னைச் செங்கத்துக்கு வரவழைத்தது ஒரு நாய். அது வாழ்ந்து ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் ஆகின்றன. பெயர் கோவிவன்.

எழுதிக்கொண்டிருந்த நாவல் நின்றுபோயிருந்தது. வாய்க்கால் மடையைக் காக்கப் போய் அடிபட்டுச் செத்த ஒருவரின் கதை அது. அவர் மனத்தில் என்னென்ன ஓடியிருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியும் அவர் எழுந்து நடக்கவில்லை. அந்த நாள்களில்தான் நடுகல் வாசகங்களைப் படிக்கத் தொடங்கினேன். திருவண்ணாமலை வட்டாரத்தில், செங்கம் பக்கத்து எடத்தனூர்க் கல் ஒன்று, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் விழுந்தான் என்கிறது. அதோடு முடித்திருக்கலாம். ஆனால் கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். வீரனுக்குப் பக்கத்தில் நாயின் உருவமும் உண்டு. கல்லில் எழுத்து வெட்டுவது லேசான வேலை இல்லை. அத்தனை பாடுபட்டு ஒரு நாயின் பெயரை வெட்டச் சொன்ன மனிதர்களின் மண்ணை மிதிக்க வேண்டும்போல் இருந்தது.

நான் காவிரிப் படுகையில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் வயலில் கல்லே கிடையாது, எல்லாம் வண்டல். கல்லென்றால் கோயிலில் இருப்பதுதான். எங்கள் கல்வெட்டுகளில் மன்னனின் புகழ் முதலில் நீளமாக ஓடும். நிலமும் நெல்லும் பின்னால் வரும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் இருக்கிறது. யாருக்கு எந்தத் தெரு, எந்த வீடு என்று இராசராசன் பொறித்து வைத்த கணக்கு அது. செங்கத்துப் பக்கத்துக் கற்களோ இன்ன மன்னனின் இத்தனையாவது ஆண்டு, இன்னாரின் ஆள், தொறு கவர்ந்தபோதோ மீட்டபோதோ விழுந்தான், அவன் கல் இது என்று நிறுத்திவிடுகின்றன. தொறு என்றால் மாட்டு மந்தை. ஒரு மனிதனின் வாழ்வுக்கும் சாவுக்கும் அவ்வளவுதான் இடம்.

இந்த வழியாகக் கலைஞர்கள் போவதும் புதிதில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை, அதாவது இந்தச் செங்கத்தை, ஆண்ட நன்னனைத் தேடிப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. கிளைவழிகளில் நடுகற்கள் நிறைய உண்டு, அவற்றின் முன் உங்கள் இசையை எழுப்பிவிட்டுப் போங்கள் என்று அது சொல்கிறது. பரிசில் தேடிப் போகிறவர்களை முன்பின் தெரியாத வீரனுக்கும் ஒரு பாட்டுக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்ன அந்த மரபை நான் மனதார நேசிக்கிறேன்.

இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் வெளிவந்த ‘செங்கம் நடுகற்கள்’ நூல் என் பையில் இருந்தது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வழியில் தற்செயலாகக் கண்ட ஒரு கல். மல்லாட்டைக் கொல்லையின் ஓரம், வேப்பமரத்தடியில் இடுப்புயரத்துக்கு நின்றது. மேலெல்லாம் எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும். இந்த வட்டாரத்தில் நடுகல் வீரன் வேடியப்பன் என்ற சாமியாகிவிடுகிறான். வில்லேந்திய கை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. தலைக்கு மேல் வட்டெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. கொண்டுபோயிருந்த மாவை எடுத்து எழுத்தின் மேல் தடவப் போனேன்.

“ஏம்மா, யாரு நீ? சாமி மேல இன்னாத்த கொட்டற?”

இரண்டு பசுக்களை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு மூதாட்டி.

“எழுத்தைப் படிக்கத்தான் பாட்டி. எண்ணெய் ஊத்தி ஊத்தி எல்லாம் அடைஞ்சுபோச்சு பாருங்க. இப்படியே விட்டா இதுல என்ன இருந்துதுன்னே யாருக்கும் தெரியாது.”

“நாங்க எண்ணெ வெச்சதாலதான் இது இங்க நிக்குது. இல்லாட்டி எவனாவது பேத்து, துணி தொவைக்கப் போட்டிருப்பான். எடு கைய.”

துவைகல்லாகிப்போன நடுகற்களைப் பற்றி நானே படித்திருக்கிறேன். பதில் சொல்ல வரவில்லை. மாவை மடித்துப் பையில் வைத்தேன். அவர் குரலும் இறங்கியது.

“எழுத்துதான வேணும்? பொழுது சாயட்டும். வெய்யிலு பக்கவாட்டுல அடிக்கும்போது தானா தெரியும். அதுவரிக்கும் வெறும் வயித்தோடவா நிப்ப? வா, ஒரு வாய் துன்னு.”

அவர் வீட்டுத் திண்ணையில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கிடைத்தன. எங்கள் வீட்டில் களி என்றால் மார்கழித் திருவாதிரைக்கு வெல்லமும் நெய்யும் போட்டுச் செய்வது. நெல்லுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குக் கேழ்வரகின் மேல் ஓர் இளப்பம் இருக்கும். எனக்கும் அது ஒட்டியிருந்தது. பிட்டு, கீரையில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கச் சொல்லிக் கொடுத்தார். சூடு தொண்டை வழியாக நெஞ்சுக்குள் இறங்கியது. அன்று உண்டதுபோல் ருசித்து நான் உண்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

வேடியப்பன் கதையை அவர் சொன்னார். புலி வந்ததாம், ஒற்றை ஆளாக நின்று அதைக் குத்திச் சாய்த்துவிட்டுத் தானும் சாய்ந்தானாம். பதிலுக்கு நான் கோவிவன் கதையைச் சொன்னேன். “நாயி பேரையும் போட்டிருக்கானா!” என்று கேட்டவர், தன் பசுக்களுக்கு இதுவரை வைத்த பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எடத்தனூர்க் கல் எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. மாட்டோடும் நாயோடும் நாள் முழுக்க இருக்கிறவர்கள், நடந்ததைச் சொல்லும்போது அவற்றை விட்டுவிட்டுச் சொல்வதில்லை.

பொழுது சாய்ந்ததும் திரும்பிப் போனோம். அவர் சொன்னபடியே சாய்வெயில் கல்லை உரசிக்கொண்டு விழ, பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்துகள் மேலே வந்தன. நான் வட்டெழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறவள். மன்னன் பெயர் இருந்த இடம் சிதைந்திருந்தது. ‘தொறு’ தெரிந்தது. கடைசியில் ‘பட்டான்’, அதாவது விழுந்தான் என்பது, தெரிந்தது. நடுவில் உள்ளது பிடிபடவில்லை.

“புலி இல்ல பாட்டி. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டைன்னு போட்டிருக்கு.”

புலி போய்விட்டதே என்று அவர் வருந்தவில்லை. குனிந்து கல்லைப் பார்த்தார். “மாடு யாருதுன்னு போட்டிருக்குதா?”

நான் வீரனின் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. வாழ்நாளெல்லாம் மாடு மேய்த்தவருக்கு அதுதான் முதலில் தோன்றியது. தன் மாட்டுக்காகச் சாவது வேறு, தலைவனின் மாட்டுக்காகச் சாவது வேறு. கருந்தேவக்கத்தி காத்தது தன் எருமையை. பல கற்களில் செத்தவன் பெயருக்கு முன்னால், அவன் யாருடைய ஆள் என்பது வந்துவிடுகிறது. அவர்கள் காத்த மந்தையில் அவர்களுக்கென்று ஒரு கன்றாவது இருந்ததா?

திரும்பும் பேருந்தில் நாவலின் கையெழுத்துப்படியை மடியில் வைத்துக்கொண்டு, என் மடைக்காவலரைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். அவர் உயிரைக் கொடுத்துக் காத்த தண்ணீர் யாருடைய வயலுக்குப் பாய்ந்தது? அவருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லை என்று முதல் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன். எழுதியும், அந்த வரிக்குள் நுழையாமல் கடந்து போயிருந்தேன். அவர் மனத்தில் ஓடியதாக நான் எழுதிய பக்கங்களை அடித்துவிட்டு, நிலத்துக்காரரின் பெயரை எழுதினேன். அவர் வீட்டுத் திண்ணை வந்தது, நெல் அளந்த களம் வந்தது, கூலிக்கு நின்ற வரிசை வந்தது. அந்த வரிசையில் என் மடைக்காவலரும் நின்றிருந்தார். கையில் மண்வெட்டி, முகத்தில் நான் அதுவரை எழுதியிராத கோபம்.