ஏற்றம் பெரிதா, இறக்கம் பெரிதா?

அட்டன் நகரிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் அளவினதே. ஆயினும் அந்தச் சிறு தூரத்திற்குள் இயற்கையன்னை வைத்திருக்கும் காட்சிகள் எத்தனை! கொட்டகலையைக் கடந்ததும் ஒருபுறம் டெவன் அருவி வெள்ளிக் கம்பியெனத் தொங்கும். சற்றே அப்பால் சென்கிளயர் அருவி. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012-இல் இயங்கத் தொடங்கிய பின்னர் அதன் பழைய பெருக்கு மெலிந்துவிட்டது எனினும், மழைக்காலத்தில் அதன் எழில் இன்றும் காண்போரை நிறுத்தி வைக்கும். தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என ஊர்கள் வர வர, குளிர் மெல்ல மெல்ல உடலைத் தழுவும். கடல் மட்டத்திலிருந்து 1271 மீற்றர் உயரத்திலுள்ள அட்டனில் புறப்பட்டவர், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் போர்வையைத் தேடுவார்.

இவ்வழியே செல்லும் பிரயாணி தேயிலைக் கொழுந்தையும் அருவியையும் மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்பினால், மலைநாட்டின் ஒரு பாதியைத்தான் பார்த்தவராவார். மறுபாதி சாலையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பது ஆண்டு வயதுடைய ஜப்பானியக் கார்கள் வளைவுக்கு வளைவு உறுமிக்கொண்டு ஏறுகின்றன. அவற்றைப் பார்த்து லயத்து வாசலில் நிற்கும் இளைஞர்களின் கண்கள் மின்னுகின்றன. அந்த மின்னலின் காரணத்தை அறிய விரும்புவோர் சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்கு வரவேண்டும்.

பந்தயம் வளர்த்த ஆசை

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நுவரெலியாவில் மலர்க்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடைபெறுவதைப் பலரும் அறிவர். மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடைபெறும் மலையேற்ற மோட்டார்ப் பந்தயமும் அவ்வாறே புகழ்பெற்றது. 1934-இல் ஆரம்பமான இப்பந்தயம் இலங்கையின் மிகப் பழைய மோட்டார் விளையாட்டு நிகழ்ச்சியாகக் கருதப்படுகிறது. ரதல்லையிலும் இதனைப் போன்ற மலையேற்றப் போட்டி உண்டு. தோட்டத் துரைமாரின் ஆங்கிலக் கார்கள் ஓடிய பாதையில் இன்று ஜப்பானியக் கார்களே பெரும்பாலும் ஓடுகின்றன.

இப்போட்டிகளில் பணக்காரரின் வாகனங்களுக்கு மட்டுமே இடம் என்று எண்ணிவிடலாகாது. ஆயிரம் சி.சி. நிசான் மார்ச் கார்களுக்கும், 1300 சி.சி. மஸ்தா, ஃபோர்ட் லேசர் கார்களுக்கும் இந்நாட்டுப் பந்தயங்களில் தனித்தனிப் பிரிவுகள் நடத்தப்பட்டுள்ளன. லேசர் என்பது பெயரளவில் ஃபோர்டாயினும் உறவு முறையில் மஸ்தாவின் உடன்பிறப்பே. எளிய குடும்பத்துக் கார் ஒன்று மலையேறிப் பரிசு பெறுவதைக் கண்ட இளைஞனுக்கு, 'நமக்கும் ஒன்று இருந்தால்!' என்னும் எண்ணம் எழுவது இயல்புதானே?

ஜப்பானியக் கார்கள் இங்கே குவிந்ததற்குக் காரணங்கள் உண்டு. அந்நாட்டிலும் நம்மைப் போலவே சாலையின் இடப்புறமாகவே வாகனங்கள் செல்கின்றன. ஆதலால் சுக்கானை இடம் மாற்ற வேண்டியதில்லை. புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கடுமையான அரசாங்கப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். அதன் செலவுக்கு அஞ்சிப் பலர் நல்ல நிலையிலேயே காரை விற்றுவிடுகிறார்கள். 1977-இல் நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், 'ரீகண்டிஷன்' என்ற பெயரோடு அவை கப்பலேறி வந்தன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அப்போதும் பழைய கார்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. எனவே 1990-களின் வேகக் கார்கள் புதிதாக வரப்போவதில்லை. இருப்பவையே கைமாறுகின்றன, கைமாறுந்தோறும் விலையும் ஏறுகிறது.

தலவாக்கலையில் ஒரு பேரம்

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இப்பொழுது கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறார். தம் சேமிப்போடு, தாயார் பல ஆண்டுகள் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தையும் வைத்துக்கொண்டு, தலவாக்கலையில் விலைக்கு வந்த ஒரு டொயோட்டா ஸ்டார்லட் காரைப் பார்க்க என்னையும் உடன் அழைத்தார். 1331 சி.சி. கொண்ட சின்னஞ்சிறு கார்தான். ஆனால் வெளியேறும் புகையின் விசையாலேயே காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் 'டர்போ' பூட்டப்பட்டது. தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதன் வல்லமை 135 குதிரைவலு.

"சேர், ரேஸ் ஓடுறதுக்கு இல்ல. ஏத்தத்துல இழுக்கணும், அவ்வளவுதான்" என்றார் மாணவர்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சின் அங்கே மூச்சுத் திணறும்; டர்போ எஞ்சினுக்கு அவ்வளவு இடர் இல்லை.

எங்களோடு வந்த கராஜ் பாஸ் முதியவர். நாற்பது ஆண்டு அனுபவசாலி. அவர் எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. சில்லுகளுக்கு அருகே குந்தி அமர்ந்து, பிரேக் தட்டுகளை விளக்கொளியில் நெடுநேரம் பார்த்தார். தட்டுகள் நீலம் பாய்ந்து, மயிரிழை போன்ற வெடிப்புகளுடன் இருந்தன. டயர்களின் பக்கவாட்டிலிருந்த நான்கு இலக்கங்களை வாசித்தார். 1219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் செய்தது என்பது பொருள். அந்த டயர்களோ அதனினும் முதியவை.

"தம்பி, மேல ஏத்துறது எஞ்சின். வீட்டுல கொண்டாந்து சேக்கிறது பிரேக்கு. விக்கிறவரு ஏத்தத்துக்குச் செலவழிச்சிருக்காரு, எறக்கத்துக்குச் செலவழிக்கல" என்றார்.

இறக்கம் கேட்கும் விலை

பாஸ் கூறியதன் உண்மையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நுவரெலியாவுக்கும் அட்டனுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 600 மீற்றர். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் அவ்வளவு கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 17 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இதில் ஒரு பங்கைக் காற்றும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதை நான்கு பிரேக்குகள் வெப்பமாக விழுங்க வேண்டும்.

பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டொட் 4' என்னும் வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டாலோ அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றினால், மிதிகட்டை பஞ்சுபோல் தரைவரை அமிழும், வண்டி நிற்காது. மூடுபனியும் மழையும் ஓயாத மலைநாட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதை மாற்றாதிருப்பது பேராபத்து.

நானுஓயாவை அடுத்த ரதல்லைக் குறுக்குப் பாதையை அறியாதவர் இப்பகுதியில் இலர். 2023 ஜனவரி 20-ஆம் திகதி, அந்தச் செங்குத்தான இறக்கத்தில் வந்த பேருந்து ஒன்று, வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதியதில் எழுவர் உயிரிழந்தனர். 2025 மே மாதத்தில் கொத்மலைப் பிரதேசத்துக் கெரண்டி எல்லையில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவை கனரக வாகனங்கள்தாம். ஆயினும் மலை எவருக்கும் சலுகை காட்டுவதில்லை.

சட்டமும் நகருக்கு வெளியே கார்களுக்கு மணிக்கு 70 கிலோமீற்றரையே அனுமதிக்கிறது. வளைவுகளோ அதையும் அனுமதிப்பதில்லை. 180-ஐத் தொடக்கூடிய கார் இங்கே யாருக்கு வேண்டும்?

வாங்குவோர் கவனத்துக்கு

சொற்பப் பணத்தோடு பழைய கார் வாங்குவோர் சிலவற்றை மறவாதிருத்தல் நலம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஐயுறுங்கள். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் நில்லாத வெண்புகை, குளிர்நீர் எஞ்சினுக்குள் கசிவதைக் காட்டும். சுக்கானை முழுவதும் திருப்பி மெல்ல ஓட்டுகையில் 'டக் டக்' என்ற ஓசை எழுந்தால் அச்சு மூட்டுகள் தேய்ந்துள்ளன. அடித்தளத் துருவை விளக்கடித்துப் பாருங்கள். எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். லீசிங் நிறுவனத்தின் பெயர் உரிமையாளராக அதில் நின்றால், கடன் தீர்ந்ததற்கான பத்திரமின்றிப் பணம் கொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், ஐந்தில் ஒரு பங்கையாவது டயருக்கும் பிரேக்குக்கும் ஒதுக்கி வையுங்கள். யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பணமில்லை என்று சொல்லலாமா?

வாங்கிய பின்னர் ஓட்டும் முறையும் உண்டு. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய விதி. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஓய்வு பெறும்.

அந்த மாணவர் ஸ்டார்லட்டை விட்டுவிட்டார். சில வாரங்களுக்குப் பின் லிந்துலைப் பக்கத்தில், டர்போ இல்லாத 1500 சி.சி. மிட்சுபிஷி லான்சர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். மிஞ்சிய பணத்தில் நான்கு புது டயர்களும், பிரேக் தட்டுகளும், எண்ணெயும் மாற்றினார். நானுஓயா ஏற்றத்தில் அது பிறரை முந்துவதில்லை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையில் வரும் தாயாரை முன் ஆசனத்தில் அமர்த்தி, மூடுபனிக்குள் இரண்டாம் கியரில் நிதானமாக இறங்கி வருகிறது.